டயல் ஓரத்து நீலம்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் இருந்தது. ஆனால் கடையில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எல்லோருக்கும் அவர் பூதம். பூதக்கண்ணாடி என்று யாரோ கேலியாக ஆரம்பித்தது. முழுசாகச் சொல்ல வாய் வலித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆள் என்னவோ ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. புதிதாக வருகிறவர்களிடம் "கொஞ்சம் இருங்க, பூதம் வந்து பார்க்கணும்" என்று சொன்னால், அவர்கள் உள்கதவைச் சற்றுப் பயத்தோடுதான் பார்ப்பார்கள். கதவைத் திறந்துகொண்டு இவர் வந்து நிற்பார்.

பழைய, உயர்ந்த ரகக் கைக்கடிகாரங்களை வாங்கி விற்கிற கடை அது. முன்புறம் கண்ணாடி அலமாரிகள், செருப்புச் சத்தம் கேட்காத தரைவிரிப்பு, தேவைக்கு அதிகமான விளக்குகள். பின்னால் ஒரு குறுகலான அறை, அதில் இரண்டு மேசைகள். ஜன்னலை ஒட்டியது பூதத்தினுடையது. எதிர்ச்சுவர் ஓரமாக இருந்தது பழுது பார்க்கிற மேசை. அங்கே உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவியின் தங்கை. கணவன் போனபிறகு ஒற்றை மகளை வைத்துக்கொண்டு தவித்தவளை, கை வேலை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அவரேதான் கடையில் சேர்த்துவிட்டிருந்தார். உள்ளே வருகிற எந்தக் கடிகாரமும் பூதத்தின் கண்ணைத் தாண்டித்தான் வரவேண்டும். எண்ணெய் போட்டு, துடைத்து, வெளியே போகிற எந்தக் கடிகாரமும் மறுபடி ஒருமுறை அவர் கண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். முதலாளியே மீறாத சட்டம் அது.

அவர் முதலில் பார்ப்பது டயலைத்தான். மெஷினை யார் வேண்டுமானாலும் நல்லதாக வாங்கி உள்ளே வைத்துவிடலாம், வயதை மட்டும் கடையில் வாங்கமுடியாது என்பார். அசல் டயலுக்கு வயதாகிற விதமே தனி. கறுப்பு, வெயில் பட்ட பக்கமாகப் பழுப்பேறும். நீலம் சாம்பல் பூத்தாற்போல அங்கங்கே வெளுக்கும். இருட்டில் ஒளிரும் வெள்ளைப் பூச்சு மெல்ல மெல்லப் பாலாடை நிறத்துக்குப் போகும். அதிலும் முள்ளில் இருப்பது ஒரு நிறமாக, எண்களில் இருப்பது இன்னொரு நிறமாகப் போகும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கே ஒன்றாக நரைப்பதில்லையே. போலி செய்கிறவனுக்கு அந்தப் பொறுமை ஏது? டீத்தண்ணீரில் முக்கி, சூட்டில் வாட்டி, ஒரே மத்தியானத்தில் முதுமையை வரவழைத்துவிடுவான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சீரான பழுப்பு. "இது வயசு இல்ல, மேக்கப்பு" என்று பூதம் தள்ளிவைத்துவிடுவார்.

அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் கடைசியாக ஒரு சாட்சி உண்டு. டயலின் ஓரம் நூல் அளவுக்குக் கேஸின், அதாவது வெளிக்கூட்டின், விளிம்புக்கு அடியில் மறைந்திருக்கும். அங்கே வெயில் எட்டிப்பார்க்காது. முகம் முழுக்க வெளுத்துப்போனாலும் அந்த ஓரத்தில் மட்டும் பிறந்த அன்று இருந்த நிறம் அப்படியே இருக்கும். மெஷினோடு டயலை வெளியே எடுத்து அந்த ஓரத்தைப் பார்த்துவிட்டால் பேச்சு முடிந்தது.

இப்படி ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கொஞ்சம் கர்வம் வராதா? வந்தது. அது தப்பில்லை. கடையில் வந்ததை வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனதுதான் தப்பு. கத்தரிக்காய் வாங்கினாலும் ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மனைவி ஏதாவது மறுத்துச் சொன்னால் "நான் பார்த்தேன்" என்பார். அதற்குமேல் மேல்முறையீடு கிடையாது. சமீப காலமாக அவருக்கு இருந்த ஒரே குறை மேசை விளக்கு. "என்ன பல்பு இது, அழுது வடியுது" என்றார். மாற்றினார்கள். புதிதும் அழுது வடிந்தது. பல்பு செய்கிறவர்களையும் போலி செய்கிறவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அந்த நீல டயல் கடிகாரம் வந்தது அப்போதுதான். அதன் சொந்தக்காரர் கப்பலில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்; கடையில் எல்லோரும் அவரைக் கப்பல்காரர் என்பார்கள். சில வருடங்களுக்கு முன் பூதமே பொறுக்கி எடுத்து அவர் கையில் கட்டிவிட்ட கடிகாரம். கருநீல டயல். அந்த ரகம் நீலத்தில் மட்டுமே வந்தது, கறுப்பு என்று ஒன்று செய்யப்படவே இல்லை. எங்காவது கறுப்பில் தென்பட்டால் கண்ணை மூடிக்கொண்டு காப்பி என்று சொல்லிவிடலாம். இதெல்லாம் பூதத்துக்கு மனப்பாடம். கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்று கப்பல்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அது சில நாட்கள் மைத்துனியின் மேசை இழுப்பறையில் இருந்தது. வேலை முடிந்து, வாங்கிப்போக அவர் வந்து நிற்கிறபோது, வழக்கம்போலக் கடைசிப் பார்வைக்குப் பூதத்தின் மேசைக்கு வந்தது.

லென்ஸை வலது கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தவர் நிமிரவில்லை.

"இந்த டயல் எங்கருந்து வந்துச்சு?"

"எங்கருந்து வரும்? அதுலயே இருந்ததுதான் மாமா" என்றாள் மைத்துனி, வேறொரு கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இது கருப்பு."

அவள் சிரித்துவிட்டாள். "காலங்காத்தால விளையாடாதீங்க மாமா. நீலம்."

அவர் விளையாடுகிறவர் இல்லை. கடிகாரத்தை எடுத்துக்கொண்டு முன்புறம் போனார். முதலாளியும் கப்பல்காரரும் பார்க்க, பின்மூடியைக் கழற்றி, டயலை வெளியே எடுத்து, ஓரத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது கறுப்பு. சுத்தமான, மழுப்பலில்லாத கறுப்பு.

"டயல மாத்தியிருக்காங்க" என்றார். "நான் குடுத்தது நீலம். இது ஓரம்கூட கருப்பு. அசலா இருந்தா இந்த ஓரம் பளிச்சுனு நீலமா இருக்கணும்."

முதலாளி எட்டிப் பார்த்தார். அவருக்கு வியாபாரம் தெரியும், கடிகாரம் அரைகுறை. "எனக்கு என்னமோ நீலம் மாதிரிதாண்ணே தெரியுது."

"மாதிரி தெரியும். தெரியணும்னுதானே பூசியிருக்கான். கருப்பு டயலுக்கு மேல நீலப் பூச்சு. வெளுத்தாப்புல இருக்கட்டும்னு அங்கங்க தேச்சும் விட்டிருக்கான். கைதேர்ந்த வேலை."

தன் கண்ணுக்குத் தெரியாத நீலத்துக்கு, மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்த நீலத்துக்கு, அவரே ஒரு விளக்கத்தையும் தயார்செய்து கொடுத்துவிட்டார். பூதம் சொன்னபிறகு முதலாளிக்கும் அது பூசிய நீலமாகவே தெரிய ஆரம்பித்தது. கப்பல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார், அவருக்கும் அப்படியே. பெரிய ஆள் ஒருவர் அடித்துச் சொன்னால் நம் கண்ணுக்கு நம்மிடமே மரியாதை போய்விடுகிறது.

மைத்துனி ஓடிவந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "மாமா, இன்னொரு தடவை பாருங்க. வெளிய வெயில்ல கொண்டுபோய்ப் பாருங்க மாமா."

"பார்த்தது போதும்" என்றார் பூதம்.

போலீஸ் அது இது என்று போகவில்லை. "உங்க முகத்துக்காகத்தாண்ணே" என்றார் முதலாளி. கப்பல்காரருக்கு வேறொரு நல்ல கடிகாரத்தைக் கொடுத்துச் சமாதானப்படுத்தினார்கள். நீல டயல் கடிகாரம் ஒரு உறைக்குள் போய்ப் பெட்டகத்தின் அடியில் கிடந்தது. மைத்துனி தன் இடுக்கிகளைத் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். பூதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்நெஞ்சு என்று நினைத்துவிடவேண்டாம். மனிதர் நொந்துபோயிருந்தார். தான் கைகாட்டி உட்காரவைத்தவள், தன் மேசைக்கு எதிரேயே இருந்து கண்ணில் மண்ணைத் தூவிவிட்டாளே என்கிற வேதனை அவருக்கு நிஜமாகவே இருந்தது.

கடிகாரக் கடைகள் எல்லாம் ஒரே தெருவில் வரிசையாக இருந்தன. இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் கேட்கும். அவளுக்கு எந்தக் கடையும் மேசை கொடுக்கவில்லை. "பூதமே சொல்லிட்டாராம், அதுவும் சொந்த மச்சினிச்சிய" என்பதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கிற பெட்டிக்கடை ஒன்றில், உடைந்த திரைகளை மாற்றிக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தாள்.

வீட்டில் பேச்சு சுருங்கிவிட்டது.

"என் தங்கச்சி அப்படிச் செய்யிறவளா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள் மனைவி.

"செய்யிறவளான்னு எனக்குத் தெரியாது. செஞ்சிருக்கா. நான் பார்த்தேன்."

அதோடு சரி. சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தங்கையோடு போனில் பேசுவதை மாடிப்படிக்குக் கீழே நின்று பேசிவிட்டு வந்தாள். கேட்காததுபோல அவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து வாய் ஓயாமல் பேசிய பெண் வாயைக் கட்டிக்கொண்டால் அந்த வீட்டில் மனிதன் இருக்கமுடியுமா? இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சமையலறைக்கு வெள்ளையடித்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்த பூதம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வெள்ளைன்னு சொல்லிட்டு கிரீம் அடிச்சிருக்கான். கூப்பிடு அவனை."

பெயிண்டர் வந்தார். காலி டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். பூதம் ஒப்புக்கொள்ளவில்லை. "ஐயா, இதுக்குமேல வெள்ளை கம்பெனிக்காரனே இன்னும் கண்டுபிடிக்கல" என்று பெயிண்டர் கையெடுத்துக் கும்பிட்டார். மனைவி அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் தட்டை எடுத்துச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். வாங்கிய நாளிலிருந்து வெள்ளைத்தட்டு என்றே அந்த வீட்டில் அதற்குப் பெயர்.

"இது என்ன கலர்?"

"அதுவும் கிரீம்தான். பழசாயிடுச்சு. எல்லாத்துக்கும் வயசாகுதில்ல" என்றார்.

அவள் தட்டையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பியபோது அவர் கால்களைப் பார்த்தாள். ஒன்றில் கறுப்பு சாக்ஸ், இன்னொன்றில் நீலம். திருத்துவதற்காக வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அவர் அப்படியே போனார். அவர் தெருமுனை திரும்பியதும் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

அவரை அங்கே அழைத்துப்போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "எனக்கா? கண்ணா?" என்று ஊரைக் கூட்டினார். டாக்டரம்மா பொறுமைசாலி. கருவியில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்தியிருக்கு. உள்ள இருக்கற லென்ஸ் டிகாஷன் கலருக்கு வந்திருக்கு" என்றார்.

"எறும்பு கால் மாதிரி இருக்கற எழுத்தக்கூட நான் படிக்கிறேனே!"

"கிட்டத்துல நல்லாத் தெரியும். அதுதான் ஏமாத்தும். கண்ணுக்கு உள்ளயே கலர் ஏறுறப்போ உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்ல. உங்க கண்ண நீங்க எப்படிப் பார்ப்பீங்க?"

முதலில் வலது கண், கொஞ்ச நாள் கழித்து இடது என்று முடிவாயிற்று. வலது கண்ணில் அறுவை முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்தபோது எதிரே நர்ஸ் நின்றிருந்தார். அவர் உடுப்பு நீலம். வானத்தைத் துண்டுபோட்டுத் தைத்தது போன்ற நீலம். பூதம் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடதால் பார்த்தார்: மங்கிய சாம்பல். இடதைப் பொத்திக்கொண்டு வலதால் பார்த்தார்: நீலம். மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். புது பொம்மை கிடைத்த குழந்தை தோற்றுவிடும்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைச் சுவரைப் பார்த்தார். வெள்ளை, கண் கூசுகிற வெள்ளை. "பாவம்டீ அந்த பெயிண்டர்" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். உடை மாற்ற அலமாரியைத் திறந்தார். மடித்து அடுக்கியிருந்த கறுப்புக் கால்சட்டைகளில் பாதி நீலமாக இருந்தன. "இது எப்போ வாங்கினது? இதையா கருப்புன்னு போட்டுட்டுத் திரிஞ்சேன்?" என்று ஒன்றை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கருநீலம். மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.

பாதியில் சிரிப்பு நின்றது. கால்சட்டையைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்தார். வலது கண்ணை மெல்லப் பொத்தினார். கால்சட்டை கறுப்பாயிற்று. கையை எடுத்தார். நீலம்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"சாக்ஸ் பார்த்த அன்னிக்கே நெனச்சேன்" என்றாள் அவள். "நான் சொன்னா நீங்க கேக்கற ஆளா? அதான், உங்க கண்ணே உங்ககிட்ட சொல்லட்டும்னு கூட்டிட்டுப் போனேன்."

டாக்டர் வெளியே போகலாம் என்றதும் அவர் நேராகக் கடைக்குத்தான் போனார். பெட்டகத்தில் கிடந்த உறையை வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து, டயலை வெளியே எடுத்தார். நீலம். முகம் அங்கங்கே வெளுத்து, வெயில் எந்தப் பக்கம் அதிகம் பட்டதோ அந்தப் பக்கம் சாம்பல் பூத்து, முள்ளில் ஒரு பாலாடையும் எண்களில் இன்னொரு பாலாடையுமாக, ஒரு மனிதனின் கையில் வருடக்கணக்கில் வாழ்ந்த டயல். ஓரத்தைத் திருப்பினார். மறைந்திருந்த அந்த நூல் அளவு விளிம்பில், செய்தவன் அன்று பூசிய நீலம் துளி மங்காமல் இருந்தது. எந்தச் சாட்சியைப் பார்த்து அவர் தீர்ப்புச் சொன்னாரோ அதே சாட்சி. அது ஒருநாளும் பொய் சொல்லியிருக்கவில்லை.

முதலாளியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். முதலாளி கேட்டுக்கொண்டே போய்க் கதவைச் சாத்தினார்.

"அண்ணே, கண்ணு இப்படி ஆகி எவ்வளவு காலமாச்சாம்?"

"ரெண்டு மூணு வருஷமா மெதுமெதுவா ஏறியிருக்கும்ங்கறாங்க."

"அப்போ அந்த ரெண்டு மூணு வருஷமா நீங்க நல்லதுன்னு எடுத்துவச்ச சாமான்?"

பூதம் சாத்திய கதவைப் பார்த்தார். அவருக்கும் அது அப்போதுதான் உறைத்தது. வெளியே அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் அவை வரிசையாக இருந்தன.

"இங்க பாருங்க" என்று முதலாளி குரலைத் தணித்துக்கொண்டார். "கண்ணு சரியாயிடுச்சில்ல, அதோட விடுங்க. ஷோகேஸ்ல இருக்கறத எல்லாம் எவனும் பிரிச்சுப் பார்க்கப் போறதில்ல. அந்தப் பொண்ணுக்கு நான் வேற எங்கயாவது சொல்லிவிடுறேன். நீங்க வாயத் திறந்தா கடையும் போச்சு, உங்க பேரும் போச்சு."

அன்று அவர் வாயைத் திறக்காமல்தான் வீட்டுக்குப் போனார். அதை மறைக்கவேண்டியதில்லை, பேர் என்பது அவர் ஆயுசு முழுக்க உட்கார்ந்து சேர்த்த ஒரே சொத்து. மனைவி சோறு போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை. மறுநாள் பஸ் நிலையத்துக்குப் போனார்.

பெட்டிக்கடையில் அவள் ஒரு போனின் உடைந்த கண்ணாடியைச் சூடுகாட்டி நெம்பிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் "சொல்லுங்க, என்ன மாடல்?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். மாமா என்ற சொல் அவள் வாயில் வரவில்லை.

"அது நீலந்தாம்மா" என்றார் பூதம். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "என் கண்ணுதான் கெட்டுப்போயிருந்துது. புரை. இப்போ ஆபரேஷன் ஆச்சு. நேத்து எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் நீலம்."

அவள் நெம்புகோலைக் கீழே வைத்தாள்.

"நானும் கண் டாக்டர்கிட்ட போனேன்" என்றாள். "கலர் கலரா புள்ளி வச்ச புக்க காட்டி டெஸ்ட் பண்ணாங்க. என் கண்ணுக்கு ஒண்ணுமில்லன்னாங்க. அப்பவும் என் கண்ண நான் நம்பல. நீங்க கருப்புன்னா அது கருப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அப்போ நான் சாப்பிடப் போன நேரத்துல யாரோ வந்து மாத்தியிருக்கணும். அந்த ரூம்ல என்னை விட்டா வேற யாரு இருக்கா?"

யார் என்று கேட்பதுபோல அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான். உங்களத்தான் சந்தேகப்பட்டேன் மாமா. நீங்களே எடுத்துட்டு என்மேல போட்டுட்டீங்கன்னு. அக்காகிட்ட சொல்ல முடியுமா இத? மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு அவகூட போன்ல பேசிட்டிருந்தேன்."

பஸ் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிப் போனது. அது போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? சொன்ன இடத்துல சொல்லுங்க. சொன்ன ஆளுங்க முன்னாடி சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி நெம்புகோலை எடுத்துக்கொண்டாள்.

கப்பல்காரருக்குப் போன் போட்டுக் கடைக்கு வரச்சொன்னவள் மனைவிதான். அவளும் தங்கையும் ஒன்றாகக் கடைக்கு வந்தார்கள். முதலாளி மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார். யாரோ ஒரு தம்பதி அலமாரி ஓரம் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று முதலாளி கண்ணைக் காட்டினார். பூதம் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். கடிகாரத்தைப் பிரித்து மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னார்.

கப்பல்காரர் நிதானமாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"எனக்கும் நீலமாத்தான் தெரியுது. ஆனா அது பூசின நீலம்னு அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க? இன்னிக்கு அசல் நீலம்ங்கறீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு உங்க மச்சினிச்சி. வீட்டுல மனஸ்தாபம் இருக்கும். நாலு பேர் சொல்லி நீங்க மனசு எறங்கியிருப்பீங்க. உங்க கண்ணு தப்பாப் பார்த்துதுன்னா யாரு நம்புவா?"

பூதம் இதை எதிர்பார்க்கவில்லை. தவறாகச் சொன்னபோது ஒரே சொல்லில் நம்பியவர்கள், உண்மையைச் சொல்லும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தன் கண்ணின் பேர் கெட்டால் ஒழிய மைத்துனியின் பேர் மீளாது. அவர் சாவியை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனார்.

"அண்ணே" என்றார் முதலாளி.

அவர் அலமாரியைத் திறந்து, முந்தின வருடம் தான் உள்ளே எடுத்த ஒரு கடிகாரத்தைக் கையில் எடுத்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "இதுல இருக்கற எண்ணெல்லாம் பாலாடை கலர்ல இருக்கு, பழைய அசல்னு நான் எடுத்தேன். பாலாடை இல்ல. சுண்ணாம்பு வெள்ளை. நேத்து பூசின பூச்சு. எனக்கு அப்போ உலகமே பாலாடையாத்தான் தெரிஞ்சிருக்கு. இது போலி. எடுத்தவன் நான்." அதை மேசைமேல் வைத்தார். இன்னொன்றை எடுத்தார். "இது அசல்." திருப்பி வைத்தார். அடுத்தது. "இதுவும் போலி. இந்தப் பழுப்பு ஓரத்துக்கு அடியிலயும் போயிருக்கும், பிரிச்சுப் பாருங்க. வெயில் படாத எடத்துல எப்படிப் பழுக்கும்? எடுத்தவன் நான்தான்."

"போதும்ணே!" முதலாளி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி கையிலிருந்ததை மெல்லக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்கள். "நாளைலருந்து நீங்க வரவேண்டாம்" என்றார் முதலாளி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அழுதுவிடுவார்போல இருந்தது.

கப்பல்காரர் மேசைமேல் கிடந்த போலிகளைப் பார்த்தார். பிறகு மைத்துனியின் பக்கம் திரும்பி, "அம்மா, நானும் அன்னிக்கு நின்னு பார்த்துட்டுச் சும்மாதான் போனேன்" என்றார்.

அவள் மேசைக்கு வந்தாள். நீல டயலை ஓரம் தெரியும்படி இடுக்கியால் எடுத்து, மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். மறு கையால் அவருடைய புதுக் கண்ணை, அழுத்தாமல், குழந்தைக்குப் பொத்துவதுபோலப் பொத்தினாள்.

"இப்போ என்ன தெரியுது?"

இன்னும் அறுவை செய்யாத இடது கண்ணால் அவர் பார்த்தார். "கருப்பு."

"அன்னிக்கும் இதுதான் தெரிஞ்சுதா?"

"இதேதாம்மா. சத்தியமா இதேதான்."

"அப்போ நீங்க பொய் சொல்லல."

"சொல்லல" என்றார் பூதம். பொத்திய கைக்கு அடியில் கண் நனைந்தது. கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டாள், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கணம் நினைத்தார்.

"அது எனக்குப் போதாது மாமா" என்றாள் அவள். "வெயில்ல கொண்டுபோய் இன்னொரு தடவை பாருங்கன்னு கெஞ்சினேன். வாசல் பத்தடிதான் இருந்துது."

கையை எடுத்தாள். எதிரே இடுக்கி முனையில் நீலம் நின்றது.